நெகட்டிவ், ஸ்லைடு ஸ்கேன் பண்ண எந்த மெஷின் நம்பி வாங்கலாம்? குமரி மாவட்டத்துல எல்லாரும் கேக்குற கேள்விகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல்னு எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் பழைய நெகட்டிவ் பெட்டிய தூக்கிட்டு வர்றவங்க கேக்குறது எல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகதான், அதான் மொத்தமா எழுதி வச்சிட்டேன். கம்பெனி பேர் வர்ற எடத்துல பேர் சொல்லியே எழுதியிருக்கேன், யாருகிட்டயும் கமிஷன் கிடையாது. வெல மட்டும் எழுதல, அது மாறிக்கிட்டே இருக்கு, வாங்குற அன்னைக்கு பாத்துக்கிடுங்க.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, எத வாங்க?

பெட்டில இருக்கது முழுக்க 35 எம்எம் கலர் நெகட்டிவும் ஸ்லைடும்தான்னா பிளஸ்டெக் ஓப்டிக்ஃபிலிம் 8200 ஐ. பெரிய சதுர நெகட்டிவ், அதான் 120 ரோல், அதுவும் கலந்து கெடந்தா எப்சன் பெர்ஃபெக்ஷன் வி600. வீட்ல ஏற்கனவே நல்ல டிஎஸ்எல்ஆர் கேமராவும், ரொம்ப கிட்டத்துல வச்சு எடுக்குற மேக்ரோ லென்ஸும் இருந்தா ஸ்கேனரே வேண்டாம். மொத்தமே ரெண்டு மூணு ரோல்தான்னா எதையும் வாங்காதீங்க, வெளிய குடுத்து எடுத்துக்கிடுங்க.

இந்த நாலுல நீங்க எதுன்னு கண்டுபிடிக்கத்தான் மிச்சம் எல்லாம்.

எங்க வீட்ல என்ன இருக்குன்னே தெரியல, அப்பா காலத்து பெட்டி அப்படியே கெடக்கு. எப்படி பிரிக்க?

ஸ்கேனர் பாக்குறதுக்கு முன்னாடி இந்த வேலையத்தான் செய்யணும், ஆனா யாருமே செய்றதில்ல, எல்லாரும் மொதல்ல மெஷின் வெலயத்தான் பாக்காங்க. ஒரு ஸ்கேல் எடுத்து அளந்து பாருங்க. ரெண்டு ஓரத்துலயும் ஓட்ட வரிசையா இருந்து படம் 24க்கு 36 மில்லிமீட்டர்னா அது 35 எம்எம், லேப்காரங்க நாலு படம் இல்ல ஆறு படமா வெட்டி பட்டர் பேப்பர் கவர்ல போட்டுக் குடுத்திருப்பாங்க. ஓட்டையே இல்லாம ஏறக்குறைய ரெண்டேகால் இஞ்ச் சதுரமா இருந்தா 120, யாஷிகா மேட் மாதிரி மேல இருந்து குனிஞ்சு பாக்குற கேமராவுல எடுத்தது, நம்ம ஊர் ஸ்டூடியோக்கள்ல எண்பதுகள் வரைக்கும் கல்யாணம், ஞானஸ்நானம், பெருநாள் எல்லாம் ஒருபாடு இதுலதான் எடுத்தாங்க. அட்டை இல்ல பிளாஸ்டிக் ஃபிரேமுக்குள்ள 5 சென்டிமீட்டர் சதுரமா இருந்தா ஸ்லைடு, காலேஜ்ல பாடம் எடுத்தவங்க, டாக்டருங்க, மிஷன் ஆஸ்பத்திரியில வேல பாத்தவங்க வீட்ல இது டப்பா டப்பாவா இருக்கும்.

மூணு குவியலா பிரிச்சு ஒவ்வொண்ணும் ஏறக்குறைய எத்தன படம்னு ஒரு தாள்ல எழுதி வைங்க. கூடவே பூஞ்ச பிடிச்சது, சுருண்டது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டினது எவ்வளவுன்னும் குறிச்சிடுங்க, ஏன்னா ஸ்கேனர முடிவு பண்றதே இந்தக் கடைசி விஷயம்தான்.

ஸ்டூடியோ நெகட்டிவ்ல இன்னொண்ணு பாக்கணும். 120 படத்த தனித்தனியா ஒத்தை ஒத்தையா வெட்டி வச்சிருப்பாங்க, ஸ்கேனரோட ஹோல்டர் நீளமான துண்டுக்குத்தான் செஞ்சிருக்கும், ஒத்தை துண்டு நழுவி நழுவி விழும். அதுக்கு நியூட்டன் வளையம் விழாத கண்ணாடி தனியா வாங்கி மேல வைக்க வேண்டி வரும். சாதா கண்ணாடிய வச்சா ஃபிலிம் கண்ணாடியில ஒட்டுற எடத்துல வானவில் மாதிரி வட்டம் வட்டமா விழும்.

பெட்டில 7200 டிபிஐ, 9600 டிபிஐன்னு போட்டிருக்கே, கூடுதலா இருக்கத வாங்கினா போதாதா?

போதாது அண்ணாச்சி. அந்த நம்பர் சென்சாரும் மோட்டாரும் சேந்து ஒரு இஞ்சுக்கு எத்தன புள்ளி எடுக்குதுங்கறது, லென்ஸ் எவ்வளவு நுணுக்கமா பாக்குதுங்கறது வேற. சாயாவுல சுடுதண்ணி சேத்தா கிளாஸ் நிறையும், கடுப்பம் கூடாது, அதே கததான்.

மெய்யான அளவு எப்படி தெரியும்னா, மெல்லிசு மெல்லிசா கோடு போட்ட ஒரு டெஸ்ட் கண்ணாடி இருக்கு, யுஎஸ்ஏஎஃப் 1951 சார்ட்னு பேரு, அத ஸ்கேன் பண்ணி எந்தக் கோடு வரைக்கும் தனித்தனியா பிரிஞ்சு தெரியுதுன்னு பாப்பாங்க. அப்படிப் பாத்தா பெட்டில 6400ன்னு போட்ட எப்சன் வி600 ஏறக்குறைய 1500 டிபிஐதான் உண்மையில குடுக்கும். அதே கம்பெனியோட பெரிய மெஷின் வி850 ஒரு 2300 பக்கம். 7200ன்னு போட்ட பிளஸ்டெக் ஏறக்குறைய பாதி, அதாவது 3500க்கு பக்கத்துல. பழைய நிக்கான் கூல்ஸ்கேன்கள் 4000ன்னு போட்டு கிட்டத்தட்ட அதையே குடுக்கும், அதனாலதான் இன்னைக்கும் ஆளுங்க அத தேடி அலையுதாங்க.

இப்ப கணக்கு போடுங்க. 35 எம்எம் படத்தோட நீளம் 36 மில்லிமீட்டர், அதாவது ஒண்ணரை இஞ்சுக்கு கொஞ்சம் கொறவு. 1500 டிபிஐன்னா நீளத்துல 2100 பிக்சல் சொச்சம், மொத்தம் 3 மெகாபிக்சல். இத 300 டிபிஐயில பிரிண்ட் போட்டா 7 இஞ்ச் வரைக்கும் நல்லா நிக்கும், ஆல்பத்துக்கு கொள்ளாம், சுவர்ல மாட்ட ஆகாது. அதே வி600ல 120 நெகட்டிவ வைங்க, 56 மில்லிமீட்டர் சதுரம், பக்கத்துக்கு 3300 பிக்சல், 11 மெகாபிக்சல் பக்கம் வருது, 11 இஞ்ச் சதுர பிரிண்ட் தாராளமா போடலாம். ஒரே மெஷின்தான், ஒருத்தருக்கு சூப்பர், இன்னொருத்தருக்கு சுமார். வி600 நல்லதா கெட்டதான்னு ஆளுக்கு ஆள் சண்ட போடுறதெல்லாம் யார் கையில எந்த ஃபிலிம் இருந்துதுங்கறதப் பொறுத்துதான்.

டிமேக்ஸ்னு ஒண்ணு சொல்றாங்களே?

படத்தோட ரொம்ப இருட்டான எடத்துக்குள்ள மெஷினால எவ்வளவு தூரம் பாக்க முடியும்ங்கற அளவு. கலர் நெகட்டிவுக்கு இது பெரிய பிரச்சன இல்ல, நெகட்டிவ் அவ்வளவு கருப்பா போறதில்ல. ஸ்லைடுக்குத்தான் முக்கியம், நிழல்ல நிக்கிற ஆளோட முகம் ஸ்லைடுல இருக்கும், ஸ்கேன்ல வெறும் கரியா வரும். வி600க்கு 3.4ன்னும் வி850க்கு 4.0ன்னும் போட்டிருக்காங்க, இதையும் டிபிஐ மாதிரி பாதி நம்பிக்கையோட படிங்க. ஸ்லைடு நெறைய இருக்கவங்க மல்டி எக்ஸ்போஷர் வசதி இருக்கான்னு பாருங்க, ஒரே படத்த ரெண்டு வெளிச்ச அளவுல எடுத்து சேக்கும், இருட்டுல புள்ளி புள்ளியா வர்றது கொறயும்.

8200க்கு பின்னாடி வர்ற அந்த ‘ஐ’ எதுக்கு? அது இல்லாத 8100 கொஞ்சம் வெல கொறவா இருக்கே?

நம்ம ஊருக்கு அந்த ‘ஐ’தான் மெஷினே. இன்ஃப்ராரெட் வெளிச்சம் இருக்குன்னு அர்த்தம்.

கலர் ஃபிலிம்ல இருக்க சாயம் இன்ஃப்ராரெட்ட தடுக்காது, அப்படியே உள்ள விட்டுடும். தூசி, கீறல், பூஞ்ச இதெல்லாம் தடுக்கும். அதனால இன்ஃப்ராரெட்ல ஒரு தடவ எடுத்தா படம் மறஞ்சு அழுக்கு மட்டும் தனியா தெரியும், சாப்ட்வேர் அந்த எடத்த மட்டும் பக்கத்துல இருக்க கலர வச்சு நிரப்பிடும். எப்சன் இத டிஜிட்டல் ஐஸ்னு சொல்லுது, கேனன் ஃபேர்னு சொல்லுச்சு, சில்வர்ஃபாஸ்ட் சாப்ட்வேர்ல ஐஎஸ்ஆர்டின்னு இருக்கும், எல்லாம் ஒரே சங்கதிதான்.

நம்ம மாவட்டத்துல இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, நடுவுல கடல்காத்து வேற. இங்க இருபது முப்பது வருஷம் அலமாரில கெடந்த நெகட்டிவ்ல பூஞ்ச இல்லாம இருந்தாத்தான் அதிசயம். ஒரு படத்துல இருக்க புள்ளிய கையால ஒவ்வொண்ணா மவுஸ் வச்சு அழிக்க உக்காந்தீங்கன்னா சாயங்காலம் வரைக்கும் ஒரு படம்தான் முடியும். ‘ஐ’ இல்லாத 8100 வாங்கி மிச்சம் பிடிச்ச பைசாவ விட ஒங்க நேரம் பெருசு. இப்ப 8300 ஐன்னு புதுசு வந்திருக்கு, விஷயம் அதேதான், வேகம் கொஞ்சம் கூடுதல்.

ஆழமா அரிச்ச பூஞ்சய இன்ஃப்ராரெட்டும் முழுசா சரி பண்ணாது, அந்த எடத்துல படமே போயிருக்கும், இல்லாதத எப்படி கொண்டு வர?

கருப்பு வெள்ளை நெகட்டிவுக்கும் இந்த ஐஸ் வேல செய்யுமா?

செய்யாது, ஆஃப் பண்ணிடுங்க. கருப்பு வெள்ளையில படமே வெள்ளித் துகள்தான், வெள்ளி இன்ஃப்ராரெட்ட தடுக்கும், சாப்ட்வேர் ஆளோட முடி, புருவம் எல்லாத்தையும் தூசின்னு நெனச்சு அழிச்சு முகத்த மெழுகு பொம்மையாக்கிடும். ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனி செஞ்ச ‘இந்து’ கருப்பு வெள்ளை ரோல் நம்ம பக்கத்து ஸ்டூடியோக்கள்ல ஓடினது, அதெல்லாம் இந்த வகைதான். அதனால பெட்டி முழுக்க கருப்பு வெள்ளைன்னா அந்த ‘ஐ’க்கு பைசா குடுக்கவேண்டாம், ஒரு நல்ல ப்ளோயரும் மெதுவான பிரஷும் போதும். கோடாக்ரோம் ஸ்லைடுலயும் ஐஸ் சமயத்துல தப்பு பண்ணும், ஒண்ணு எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ஸ்டூடியோ நெகட்டிவ்ல ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துல டச்சிங்னு ஒண்ணு உண்டு, கூர் சீவின பென்சில வச்சு நெகட்டிவ் மேலயே முகத்துல இருக்க பரு, தழும்பு எல்லாம் மறைப்பாங்க. டியூப்லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பிடிச்சா கன்னத்து மேல பொடிப்பொடியா கிறுக்கினது மினுங்கும். அழுக்குன்னு நெனச்சு துணி வச்சு தொடச்சீங்கன்னா அந்த வேலை எல்லாம் போயிடும், எடுத்தவரோட கைவண்ணம் அது.

ஆபீஸ்ல இருக்க ஆல் இன் ஒன் பிரிண்டர்ல வச்சு எடுக்கலாமா?

முடியாது. ஃபிலிமுக்கு வெளிச்சம் பின்னாடி இருந்து ஊடுருவி வரணும், அதுல முன்னாடி இருந்து பட்டு திரும்புது. எப்சன் வி39 மாதிரி ஒல்லியான ஸ்கேனர்களும் தாளுக்குத்தான், பேர்ல ‘பெர்ஃபெக்ஷன்’னு இருக்கத பாத்து ஏமாந்துடாதீங்க. மூடிக்குள்ள வெளிச்சம் இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

சின்ன ஸ்கிரீன் வச்ச ஃபிலிம் ஸ்கேனர் ஆன்லைன்ல வெல மலிவா கெடக்கே, கம்ப்யூட்டரே வேண்டாமாம்?

அது ஸ்கேனரே இல்ல, டப்பாக்குள்ள ஒரு சின்ன கேமரா. படக்குன்னு போட்டோ எடுத்து ஜேபெக்கா கார்டுல போடும், ஒரு ரோல் பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும், வேகத்துல இத அடிச்சுக்க முடியாது. 22 மெகாபிக்சல்னு போட்டிருக்கதுல பல மெஷின்ல சென்சார் 14தான், மிச்சம் சாப்ட்வேர் ஊதிப் பெருசாக்கினது. இன்ஃப்ராரெட் கிடையாது, வெள்ளை சேல எல்லாம் வெளிறிப்போய் மடிப்பே தெரியாது.

ஆனா இத ஒரேயடியா வேண்டாம்னும் சொல்லமாட்டேன். ஆயிரக்கணக்குல நெகட்டிவ் இருந்து எதுல என்ன இருக்குன்னே தெரியலன்னா, இதுல எல்லாத்தையும் ஒரு ஓட்டு ஓட்டி குடும்ப வாட்ஸ்அப்புல போட்டு, யார் யார் இருக்காங்கன்னு கேட்டு, அதுல தேறினத மட்டும் நல்ல மெஷின்ல எடுக்கலாம். இரவல் கெடச்சா வாங்கிக்கிடுங்க, சொந்தமா வாங்குற அளவுக்கு ஒண்ணும் இல்ல.

என்கிட்ட கேமரா இருக்கு, அதுலயே எடுத்தா என்ன?

தாராளமா. இன்னைக்கு நெலமைக்கு நெறைய பேருக்கு இதுதான் நல்ல வழின்னு நான் நெனைக்கேன், காரணம் எளுப்பம், ஸ்கேனர் கம்பெனிக ஒண்ணொண்ணா கடைய மூடிட்டு போறாங்க, கேமரா நாளைக்கும் கெடைக்கும், ரிப்பேரும் பண்ணலாம்.

24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா, ஒண்ணுக்கு ஒண்ணு அளவு வர்ற மேக்ரோ லென்ஸ், இது ரெண்டும் இருந்தா 36 மில்லிமீட்டருக்கு 6000 பிக்சல், அதாவது 4200 டிபிஐக்கு மேல. கூல்ஸ்கேனுக்கு சமம். கூட வேணுங்கறது நல்ல வெளிச்சப் பலகை, சிஆர்ஐ, அதான் கலர எவ்வளவு சரியா காட்டுதுங்கற அளவு, 95க்கு மேல இருக்கணும், மொபைல் ஸ்கிரீன பின்னாடி வச்சா பிக்சல் கட்டம் விழும், கலரும் கோணும். லென்ஸ் முன்னாடி மாட்டுற நிக்கான் இஎஸ்-2 மாதிரி அடாப்டர் இருந்தா ஸ்டாண்டே வேண்டாம்.

ஸ்டாண்ட் வச்சு எடுத்தா கேமரா ஃபிலிமுக்கு நேர் மட்டமா இருக்கணும், கொஞ்சம் சாஞ்சாலும் ஒரு மூலை மங்கும். அதுக்கு ஒரு வழி இருக்கு: ஃபிலிம் வைக்கிற எடத்துல முகம் பாக்குற சின்ன கண்ணாடி ஒண்ண வச்சு, கேமரா வழியா பாருங்க, லென்ஸோட பிம்பம் சரியா படத்துக்கு நடுவுல தெரிஞ்சா மட்டம், விலகித் தெரிஞ்சா சாய்வு. ரசமட்டம் தேடி அலைய வேண்டாம்.

குறை என்னான்னா இன்ஃப்ராரெட் இல்ல, பூஞ்ச புள்ளி எல்லாம் அப்படியே தெரியும். கலர் நெகட்டிவோட ஆரஞ்சு நெறத்த கழிச்சு பாசிட்டிவா மாத்துற வேலையும் நம்ம தலையில, போட்டோ திருத்துற லைட்ரூம் சாப்ட்வேர் வச்சிருக்கவங்க நெகட்டிவ் லேப் ப்ரோன்னு ஒரு பிளக்இன் போட்டுக்கிடலாம். ஸ்லைடுக்கும் கருப்பு வெள்ளைக்கும் கேமரா பிரமாதம், பூஞ்ச பிடிச்ச கலர் நெகட்டிவுக்கு ஸ்கேனர்தான், இதான் என் கணக்கு.

செல்போன்ல?

யாரு படம்னு பாக்க போதும்.

கல்ஃப்ல இருக்க தம்பி ஒரு பழைய நிக்கான் கூல்ஸ்கேன் கெடைக்குதுன்னு சொல்றான், வாங்கலாமா?

மெஷின் தங்கம்தான், ஆனா நிக்கான் அத செய்றத நிறுத்தி பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, பார்ட்ஸ் புதுசா வராது. மினோல்டா டைமேஜ் 5400ம் அப்படித்தான், கோனிகா மினோல்டா 2006லயே கேமரா தொழில விட்டாச்சு. நாகர்கோவில்ல இருந்துக்கிட்டு மோட்டார் போச்சுன்னா யாருகிட்ட கொண்டுபோக? எலக்ட்ரானிக்ஸ் நல்லா தெரிஞ்ச ஆள் கையில இருந்தா வாங்குங்க, இல்லன்னா வேண்டாம்.

வாங்குறதா இருந்தா எந்த வயருன்னு பாருங்க. கூல்ஸ்கேன் வி இடி, 5000 ரெண்டும் யுஎஸ்பி, 9000 ஃபயர்வயர்ங்கற பழைய வகை வயரு, இன்னைய லேப்டாப்புல அந்த ஓட்டையே கிடையாது. நிக்கானோட சொந்த சாப்ட்வேர் புது விண்டோஸ்ல ஒழுங்கா ஏறாது, வியூஸ்கேன்னு வேற கம்பெனி சாப்ட்வேர் ஒண்ணு போட்டுத்தான் ஓட்டணும். வெளிச்சமான எடத்த சுத்தி, வெள்ளை வேட்டி, ஜன்னல் மாதிரி எடத்துல புகை மாதிரி பரவுச்சுன்னா உள்ள கண்ணாடியில தூசி படிஞ்சிருக்குன்னு அர்த்தம், கழட்டி தொடைக்க ஆள் வேணும்.

செகண்ட் ஹேண்ட்ல எப்சனோ பிளஸ்டெக்கோ வந்தா எப்படி சோதிக்க?

கையில ரெண்டு துண்டு ஃபிலிம் கொண்டு போங்க, ஒரு கலர் நெகட்டிவ், ஒரு ஸ்லைடு, ஒங்க லேப்டாப்பும். வித்தவர் கம்ப்யூட்டர்ல ஓடுது, நம்ம கம்ப்யூட்டர்ல ஓடலங்கறது ரொம்ப சகஜம்.

மொதல்ல ஹோல்டர எண்ணுங்க. ஸ்கேனர் இருக்கும், ஹோல்டர் இருக்காது, இல்லன்னா கிளிப் ஒடஞ்சு ரப்பர் பேண்ட் போட்டிருப்பாங்க. ஃபிலிம தட்டையா பிடிக்கறதே அந்த ஹோல்டர்தான், வி600லயும் 8200லயும் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, ஃபிலிம் ஒரு மில்லிமீட்டர் தூக்கினாலும் மங்கல்தான்.

அடுத்து, ஃபிலிம் இல்லாம வெறும் ஹோல்டர வச்சு ஒரு ஸ்கேன். வெள்ளையா சுத்தமா வரணும். ஒரு கோடு மேல இருந்து கீழ வரைக்கும் நேரா ஓடுச்சுன்னா பதறாதீங்க, எப்சன் கண்ணாடியில ஹோல்டரோட தலப்பக்கம் தொறந்தபடி ஒரு நீளப் பட்டி இருக்கும், மெஷின் அங்கதான் வெளிச்சத்த அளந்து பாக்குது, அதுல ஒரு தூசி இருந்தா கூட முழு படத்துலயும் கோடு விழும். தொடச்சிட்டு மறுபடி எடுங்க, போச்சுன்னா நல்லது, போகலன்னா சென்சார் கோளாறு, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. கண்ணாடிக்கு உள்பக்கம் பனி மாதிரி படலம் இருக்கான்னு டார்ச் அடிச்சும் பாருங்க, கடற்கரை ஊர்ல இருந்து வர்ற மெஷின்ல இது ரொம்ப.

இன்ஃப்ராரெட் ஆன் பண்ணி ஒண்ணு, ஆஃப் பண்ணி ஒண்ணு எடுத்து ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கான்னு பாக்காம பைசா குடுக்காதீங்க.

புதுசா வாங்கினா இங்க சர்வீஸ் கெடைக்குமா? வெளிநாட்டுல வாங்கி கொண்டு வரலாமா?

எப்சனுக்கு இந்தியாவுல சொந்த கம்பெனியே இருக்கு, அதனால பில்லோட இங்க வாங்கினா வாரண்டி விஷயத்துல நிம்மதி, நம்பகம்னு கேட்டா வி600க்கு நான் குடுக்குற பெரிய மார்க் இதுக்குத்தான், படத்துக்கு இல்ல. பிளஸ்டெக் பெரும்பாலும் இறக்குமதிதான், விக்கிறவர்கிட்ட வாரண்டி யாரு பாப்பா, கெட்டா எங்க அனுப்பணும், அனுப்புற செலவு யாரோடதுன்னு எழுத்துல வாங்குங்க, வாயால சொன்னா கணக்கில்ல. ஒரு ஆன்லைன் கடையில வாங்கின மெஷினோட ஹோல்டர் ஒண்ணு வரவே இல்லன்னு நானே மாசக்கணக்குல மெயில் போட்டு சலிச்சிருக்கேன், பெட்டிய பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைங்க.

துபாய்லயோ சவுதியிலயோ வாங்கினா அங்கத்த வாரண்டி இங்க செல்லாதுன்னே வச்சுக்கிடுங்க. அமெரிக்காவுல இருந்து வந்தா அடாப்டர்ல 100-240ன்னு எழுதியிருக்கான்னு பாத்துட்டு சொருகுங்க, 120ன்னு மட்டும் இருந்தா இங்க சொருகின அடுத்த நிமிஷம் புகைதான்.

இங்க இடி மின்னல் ஜாஸ்தி, கரண்டும் போய்ப் போய் வருது.

யுபிஎஸ்ல மாட்டுங்க, ஸ்கேனர் எடுக்குற கரண்ட் கொஞ்சம்தான். சாயங்காலம் மலைப்பக்கம் இருட்டிட்டு வந்தா பிளக்க உருவிடுங்க, குலசேகரம், அருமனை பக்கம் இருக்கவங்களுக்கு இத நான் சொல்லித்தர வேண்டாம். வேலை முடிஞ்சா பாலித்தீன் போட்டு மூடாதீங்க, உள்ள ஈரம் நின்னு கண்ணாடி பனிக்கும், பருத்தித் துணி போதும்.

பூஞ்ச பிடிச்சத தண்ணில கழுவிட்டு ஸ்கேன் பண்ணலாமா?

வேண்டவே வேண்டாம். ஃபிலிம் மேல இருக்கது ஜெலட்டின், பூஞ்ச அதத்தான் தின்னுது, தின்ன எடத்துல ஜெலட்டின் தண்ணில கரையுற பதத்துக்கு வந்திருக்கும், கழுவினா படம் வழிஞ்சு போயிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் 99 சதவீதம் வாங்கி, லிண்ட் வராத மெல்லிசான துணில நனச்சு, பளபளன்னு இருக்க பக்கத்த மட்டும் ஒரே பக்கமா பைய தொடைங்க. மெடிக்கல்ல கெடைக்குற 70 சதவீதத்துல மிச்சம் தண்ணிதான், அது ஆகாது. மங்கலா இருக்க பக்கம்தான் படம் இருக்க பக்கம், அங்க ப்ளோயர் மட்டும். எந்தப் பக்கம்னு கொழப்பமா இருந்தா ஓரத்துல இருக்க கோடாக், ஃபியூஜி எழுத்த படிச்சுப் பாருங்க, எழுத்து நேரா தெரியுற பக்கம் பளபளப்பான பக்கம்.

அதே கவர்ல திரும்ப போடாதீங்க, கவர்லயும் பூஞ்ச வித்து இருக்கும்.

சுனாமில தண்ணி ஏறின வீட்டு நெகட்டிவ், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போயிருக்கு.

குளச்சல், மணக்குடி பக்கத்துல 2004 டிசம்பர் 26க்கு அப்புறம் இப்படி எடுத்து வச்ச கட்டுகள் இன்னைக்கும் சில வீடுகள்ல இருக்கு. எந்த ஸ்கேனராலயும் இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, மொதல்ல பிரிக்கணும், அத வீட்ல செய்யக்கூடாது, இழுத்தா ஒண்ணோட படம் இன்னொண்ணுல ஒட்டிக்கிட்டு வரும். பழைய ஆவணம், ஃபிலிம் பராமரிக்கிற கன்சர்வேட்டர் யாராவது கெடைக்கிற வரைக்கும் கட்ட அப்படியே காய்ஞ்ச எடத்துல வைங்க. ஒட்டாம ஓரம் மட்டும் உப்பு பூத்தது இருந்தா அது ஸ்கேன் ஆகும், எடுத்துடுங்க.

எந்த சாப்ட்வேர்?

எப்சனோட வர்றதே ஆரம்பத்துக்கு போதும். சில்வர்ஃபாஸ்ட் நல்லதுதான், ஆனா லைசென்ஸ் அந்த ஒரு மெஷின் மாடலுக்குத்தான், நாளைக்கு ஸ்கேனர மாத்தினா திரும்ப பைசா. வியூஸ்கேன் ஒண்ணு வாங்கினா ஆயிரக்கணக்கான மெஷினுக்கு ஓடும், பழைய மெஷினுக்கு உயிர் குடுக்கறதும் அதுதான், ஃபிலிமுக்கு புரொஃபஷனல் எடிஷன்தான் வாங்கணும். ஆட்டோ ஷார்ப்னெஸ், ஆட்டோ கலர் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணும்போது ஆஃப் பண்ணிடுங்க, அதெல்லாம் அப்புறம் சாவகாசமா செய்யலாம்.

செட்டிங் எவ்வளவு வைக்க? எடம் நெறயுதே.

வி600ல 35 எம்எம்முக்கு 2400, 120க்கும் அதுவே தாராளம். பிளஸ்டெக்ல 3600. 7200ல வச்சா 48 பிட் டிஃப், அதான் தரம் கொறயாம வைக்கிற பெரிய ஃபைல், ஒரு படமே 400 எம்பிக்கு மேல, ஒரு 36 படம் ரோலுக்கு 15 ஜிபி, நுணுக்கம் சொல்லும்படியா கூடாது, ஹார்ட் டிஸ்க்தான் நெறயும். 3600ல ஒரு படம் 100 எம்பி சொச்சம். முக்கியமானத டிஃப்ல வைங்க, சும்மா எடுத்த கடல், காக்கா எல்லாம் நல்ல தர ஜேபெக்ல போதும்.

பேர் வைக்கும்போது வருஷம் தெரியலன்னா படத்துலயே துப்பு இருக்கும். கன்னியாகுமரி கடல் படத்துல விவேகானந்தர் மண்டபம் நிக்குது, பக்கத்து பாறையில வள்ளுவர் இல்லன்னா அது 1970க்கும் 2000த்துக்கும் நடுவுல எடுத்தது, அரைகுறையா கட்டடம் தெரிஞ்சா தொண்ணூறுகள்.

நேரம் எவ்வளவு எடுக்கும்?

இன்ஃப்ராரெட்டோட ஒரு படத்துக்கு ரெண்டு மூணு நிமிஷம்னு வைங்க, தூசி ஊதி ஹோல்டர்ல மாட்டுற நேரமும் சேந்தா ஒரு ரோலுக்கு ரெண்டு மணிநேரம் நிச்சயம். பிளஸ்டெக்ல ஒவ்வொரு படத்துக்கும் ஹோல்டர கையால தள்ளணும், வி600ல 12 படத்த வச்சிட்டு போய் சோறு வச்சிட்டு வரலாம். வீட்டு வேலைக்கு நடுவுல செய்றவங்களுக்கு இது பெரிய வித்தியாசம், யாரும் இத சொல்றதில்ல.

பழைய தியேட்டர்ல இடைவேளையில போட்ட கண்ணாடி ஸ்லைடு கெடச்சிருக்கு, அத எப்படி?

அட, அருமையான சாமான். ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரம் எல்லாம் கண்ணாடியில எழுதி போட்டது, மூணு இஞ்சுக்கு மேல இருக்கும், வி600ல வெளிச்சம் வர்ற அகலம் 2.7 இஞ்ச்தான், அடங்காது. வி850ல 8க்கு 10 இஞ்ச் வரைக்கும் வரும். இதுக்காக அவ்வளவு வெல குடுத்து வாங்காதீங்க, வெளிச்சப் பலகை மேல வச்சு கேமராவுல எடுங்க. கையால தீட்டின கலர் தண்ணி பட்டாலே கரையும், தொடைக்காதீங்க.

வெளிய லேப்ல குடுக்கறதா இருந்தா என்ன கேக்கணும்?

என்ன மெஷின், எத்தன பிக்சல்ல குடுப்பீங்க, இன்ஃப்ராரெட் உண்டா, டிஃப் குடுப்பீங்களா, நெகட்டிவ் இங்கயே இருக்குமா இல்ல வேற ஊருக்கு அனுப்புவீங்களா. கடைசி கேள்விதான் முக்கியம். திருவனந்தபுரமோ மதுரையோ சென்னையோ எங்க குடுத்தாலும் கூரியர்ல அனுப்பாம ஆள் போகும்போது குடுத்துவிடுங்க, மொதல்ல ஒரே ஒரு ரோல் குடுத்து பாத்துட்டு மிச்சத்த குடுங்க. ‘டிபிஐ எவ்வளவுன்னு தெரியாது, நல்லா இருக்கும்’னு சொன்னா பெட்டிய தொறக்காமலே திரும்பிடுங்க.

ஸ்கேன் முடிஞ்சா நெகட்டிவ தூக்கிப் போட்டுடலாமா?

போடாதீங்க. சிலிக்கா ஜெல் போட்ட காத்து புகாத டப்பாவுல, மச்சு சூட்டுலயோ குளியலறை சுவர ஒட்டியோ இல்லாத அலமாரில வைங்க, ஜெல் நெறம் மாறினா வறுத்து திரும்ப போடுங்க. புளிச்ச வினிகர் வாசன அடிச்சா அந்த ரோல மட்டும் தனியா பிரிச்சிடுங்க, அசிட்டேட் ஃபிலிம் கெட ஆரம்பிச்சாச்சு, பக்கத்துல இருக்கதையும் கெடுக்கும், அத மொதல்ல ஸ்கேன் பண்ணுங்க.

வேலை முடிஞ்சதும் ஸ்கேனர வித்திடலாமா?

விக்கலாம், ஃபிலிம் ஸ்கேனருக்கு வெல அவ்வளவு சீக்கிரம் விழாது, ஏன்னா புதுசா செய்ற கம்பெனி கொறவு. பெட்டி, பில், அடாப்டர், எல்லா ஹோல்டரும் சேத்து வச்சிருந்தா நல்ல வெல போகும், ஒரு ஹோல்டர் காணலன்னாலும் வாங்க வர்றவர் அதச் சொல்லியே அடிமாட்டு வெலைக்கு கேப்பார். சொந்தக்காரங்களுக்கு இரவல் குடுக்குறதா இருந்தாலும் ஹோல்டர எண்ணிக் குடுத்து எண்ணி வாங்குங்க.